வயலில் சுருக்குக் கம்பி: வேட்டை இன நாயை எப்படிக் காப்பது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பம்ப்செட் காவலுக்குக் கன்னி இன நாய் வளர்க்கிறேன். விடிகாலையில் முயலோ கீரியோ கண்ணில் பட்டால் பாய்ந்துவிடுகிறது. போன வாரம் பக்கத்து வயல்காரர் நாய், பன்றிக்கு வைத்த சுருக்கில் கழுத்து மாட்டிச் செத்துப்போனது. என் நாய்க்கு அகலமான பட்டை போட்டால் போதுமா?"

போதாது. தடித்த தோல் பட்டை கழுத்துக்கு நல்லதுதான், போடுங்கள். ஆனால் கன்னி, சிப்பிப்பாறை போன்றவை ஒட்டிய வயிறும் மெல்லிய தோலும் உள்ள ஓட்டக்கார நாய்கள். ஓடுகிற வேகத்தில் மார்புவரை சுருக்குக்குள் புகுந்து, இடுப்பில் இறுகிவிடுவதும் உண்டு.

முதலில் உங்கள் வயலின் எல்லையைப் பகலில் ஒருமுறை நடந்து பாருங்கள். கருவை வேலியில் பன்றி நுழையும் இடைவெளியை முள் வெட்டிப் போட்டுக் குறுக்கியிருப்பார்கள். அந்தச் சந்தில் முழங்கால் உயரத்தில் பைக் கிளட்ச் வயர் வட்டமாகத் தொங்கும். மறுமுனை முளையிலோ மரத்தடியிலோ கட்டியிருக்கும். துருவேறிய கம்பி காய்ந்த புல்லோடு புல்லாகத் தெரியும். புதிதாக வெட்டிய முள்ளைத் தேடினால் சீக்கிரம் கண்ணில் படும்.

அடுத்தது பழக்கம். இழுக்க இழுக்க இறுகுவதுதான் சுருக்கு. நாய் எவ்வளவு திமிறுகிறதோ அவ்வளவு ஆபத்து. கயிற்றில் கட்டியே பழகாத நாய்தான் அதிகம் திமிறும். தினமும் கொஞ்ச நேரம் கயிற்றில் பிடித்து, கயிறு விறைத்ததும் நிற்கவும், உங்கள் பக்கம் ஒரு அடி வரவும் பழக்குங்கள். வந்தால் தின்னக் கொடுங்கள். 'நில்' என்ற சொல்லையும் பழக்கலாம். ஆனாலும் முயலைத் துரத்தும் கன்னி அதைக் கேட்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அதனால் இருட்டிலும் விடிகாலையிலும் கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.

மாட்டிக்கொண்டால் நாயை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். கம்பி கட்டியிருக்கும் முளையை நோக்கி நாயைத் தள்ளிக்கொண்டு போங்கள், கம்பி தளரும். வலியில் வளர்த்தவரையே கடிக்கும், தலைமேல் துண்டைப் போடுங்கள். கழுத்து இறுகியிருந்தால் மட்டும் வாயையும் மூக்கையும் மூடக் கூடாது. முளைப் பக்கம் முதலில் வெட்டிவிட்டு, அப்புறம் சுருக்கை விரித்து எடுங்கள். கிளட்ச் வயர் பல இழை சேர்ந்தது, சாதாரணக் குறடு வழுக்கும். ஒரு நல்ல கேபிள் கட்டர் பம்ப்செட்டிலேயே கிடக்கட்டும்.

இனிதான் பலர் ஏமாறும் இடம். கம்பி போனதும் நாய் வாலாட்டி எழுந்து நடக்கும், காயமும் சின்னதாகத் தெரியும். ரத்த ஓட்டம் நின்றுபோன சதை அடுத்த சில நாட்களில்தான் கறுத்து அழுகும். கழுத்து இறுகிய நாய்க்குச் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு முட்டலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய காயமென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். நமக்கு வாங்கும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள், அது விஷம்.

மின்கம்பியில் விழுந்திருந்தால் மின்சாரத்தை நிறுத்தும்வரை நாயைத் தொடவே வேண்டாம், அடுத்துச் சாவது நீங்களாக இருக்கும்.

நம் பக்கத்து எலிக்கிட்டி, அதாவது மூங்கில் எலிப்பொறி, பெரிய நாயைக் கொல்லாது. ஆனால் மோப்பம் பிடிக்கும் குட்டியின் மூக்கைப் பதம் பார்த்துவிடும். சாயங்காலம் வைத்ததைக் காலையில் எடுக்கும்வரை குட்டியைக் கட்டி வையுங்கள். கிட்டியைவிட எலி மருந்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். சிங்க் பாஸ்பைடு தின்ற நாய்க்குப் பாலோ சோறோ கொடுத்தால் வயிற்றில் அமிலம் சுரந்து விஷவாயு கூடும். எதுவும் ஊட்டாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சுருக்கு வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயை விட்டு முயல் பிடிப்பதும் அதே சட்டத்தில் குற்றம்தான், அதையும் மனதில் வையுங்கள். பக்கத்து வயல்காரர்களிடம் முதலில் பேசிப் பாருங்கள். மறுபடியும் கம்பி தொங்கினால் போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.