பலர் சேர்ந்து குறிப்பெழுதினால் ஒரு இணையச் செய்தியின் நம்பகத்தன்மை தெரியுமா?

தெரியும். ஆனால் முழுச் செய்திக்கும் ஒரே மதிப்பெண் போட்டால் தெரியாது. வரி வரியாகக் கை வைக்க வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் ஐந்து பேர், பப்பாசி இலைச் சாறு டெங்கைக் குணப்படுத்தும் என்ற செய்தியை இப்படித்தான் படித்தோம். ‘ஆய்வில் நிரூபணம்’ என்ற சொற்களை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மஞ்சளாக்கி, “எந்த ஆய்வு? எத்தனை நோயாளர்?” என்று ஓரத்தில் எழுதினான். இணைப்பு எதுவும் இல்லை. ‘காய்ச்சல் இறங்கினால் கவலை வேண்டாம்’ என்ற வரியில் தாதியான அக்கா நிறுத்திவிட்டார். டெங்கில் இரத்தநீர் கசிந்து நோயாளி மோசமாவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில்தானாம். நான் கண்டுபிடித்தது ஒரு எழுத்துப்பிழை மட்டுமே.

இணையப் பக்கத்தின் மேலேயே இப்படி வரி வரியாகக் குறிப்பெழுத ஹைப்போதிசிஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. 2015இல் தொடங்கிய கிளைமேட் ஃபீட்பேக் என்ற தளத்தில் விஞ்ஞானிகள் அதைக் கொண்டே காலநிலைச் செய்திகளை வரி வரியாகக் குறித்து, அதன் பிறகே நம்பகத்தன்மையை −2 முதல் +2 வரை மதிப்பிட்டார்கள்.

பலர் கூடினால் கும்பல் மனமும் கூடவே வருமே என்பீர்கள். நியாயம்தான். ட்விட்டர் (இப்போது எக்ஸ்) 2021இல் பேர்ட்வாட்ச் என்று தொடங்கிய, பதிவுகளுக்குப் பயனர்களே விளக்கம் எழுதும் சமூகக் குறிப்புகளில் வாக்கு எண்ணிக்கை மட்டும் செல்லாது. வழக்கமாக முரண்படுகிறவர்களும் பயனுள்ளது என்று ஒப்பினால்தான் குறிப்பு எல்லோருக்கும் தெரியும். பல வேளைகளில் அதற்குள் வதந்தி ஊரைச் சுற்றி முடித்துவிடுகிறது, அது வேறு விடயம்.

சிறு குழுவுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். மற்றவர் குறிப்பைப் பார்க்கும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.