புராசசருக்கு ஏர் கூலரா, வாட்டர் கூலரா?

புது டெஸ்க்டாப்புக்கு எந்தக் கூலர் என்று கேட்டிருக்கிறீர்கள். கேம், அலுவலக வேலை என்றால் ஏர் கூலரே தாராளம். அதில் கெட்டுப்போகக்கூடியது விசிறி ஒன்றுதான். அதையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். வாட்டர் கூலரில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் நின்றால் பெரும்பாலும் மொத்த யூனிட்டும் போச்சு. குழாய்ச் சுவர் வழியாகவே தண்ணீர் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தண்ணீர் என்றதும் ஏசி போலக் குளிரும் என்று நினைக்க வேண்டாம். அறை வெப்பத்துக்குக் கீழே இரண்டுமே போகாது.

மணிக்கணக்கில் ரெண்டரிங் (வீடியோ, 3டி படங்களைக் கணினி உருவாக்கும் வேலை), 250 வாட் இழுக்கும் புராசசர் என்றால் 360 மி.மீ. ரேடியேட்டர் (தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் பகுதி) உள்ள வாட்டர் கூலர் சரி. ஆனால் பம்ப் எல்லாவற்றுக்கும் மேலே வரக் கூடாது. காற்றுக் குமிழி அங்கே போய்ச் சிக்கிச் சலசலக்கும். அப்புறம், பெரிய ஏர் கூலர்கள் 160 மி.மீ. உயரம் வரும். கேபினெட் கதவு மூடுமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள்.