மூழ்கிய மடைத்துளையில் நீர் அளவு: வாசகர் கேள்விகள்

தோவாளை வாசகர்: மடைத்துளையின் அகலம் 60 செ.மீ., உயரம் 50 செ.மீ. துளையின் நடுவிலிருந்து மேல்புற நீர்மட்டம் 1.2 மீட்டர். கீழ்ப்புறத்திலும் துளை மூழ்கியே கிடக்கிறது. எவ்வளவு நீர் செல்லும்?

இருபுறமும் மூழ்கிய துளைக்கு அந்த 1.2 மீட்டரால் ஒரு பயனும் இல்லை. மேல்புற, கீழ்ப்புற நீர்மட்டங்களின் வேறுபாடே கணக்கில் வரும், அதைத்தான் நீங்கள் எழுதவில்லை. வேறுபாடு 16 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் வர்க்கமூலத்தை (மீட்டரில்) 4.43 (புவியீர்ப்பிலிருந்து வரும் எண்) ஆல் பெருக்க வேகம் நொடிக்கு 1.77 மீட்டர், பரப்பு 0.3 சதுர மீட்டர், குணகம் (துளையில் நீர்த்தாரை சுருங்குவதற்கான குறைப்பு எண்) 0.61 எனக் கொண்டால் நொடிக்கு 324 லிட்டர், அதாவது பதினொன்றரை கன அடி. அந்த 1.2 மீட்டரை வைத்துப் போட்டால் 890 லிட்டர் வரும். அதை நம்பிக் கன்னிப்பூ (முதல் போக நெல்) நடவுக்கு முறை வைத்தால் கடைமடைக்காரர் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்.

பூதப்பாண்டி வாசகர்: நீர்மட்ட வேறுபாடு இரட்டித்தால் நீரும் இரட்டிக்குமா?

இல்லை, 1.4 மடங்கே.

தக்கலை வாசகர்: எங்கள் மடையில் வேறுபாடு 4 செ.மீ. தான். கணக்கு தினமும் மாறுகிறதே?

கணக்கைக் குறை சொல்லாதீர்கள், அளவுகோலைப் பாருங்கள். 4 செ.மீ. வேறுபாட்டில் ஒரு செ.மீ. பிசகினால் நீரளவில் எட்டில் ஒரு பங்கு பிசகும். ஒரு மீட்டர் வேறுபாட்டில் அதே பிசகு அரை சதவீதத்தைத் தாண்டாது. நான் பார்த்த பல மடைகளில் மேல்புற, கீழ்ப்புற அளவுகோல்கள் இரண்டின் பூஜ்யக் குறியும் ஒரே மட்டத்தில் இல்லை. பெயிண்ட் அடித்தவர் கைக்கு எட்டிய இடத்தில் தொடங்கியிருக்கிறார், அதைச் சரிபார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. கொத்தனாரிடம் உள்ள டியூப் லெவலை (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) அரைமணி நேரம் கடன் வாங்கினால் போதும். கீழ்ப்புறக் கோலைத் துளையை ஒட்டிக் கொந்தளிக்கும் நீரில் நடாமல் சற்றுத் தள்ளி நட்டு, அடியில் சிறு ஓட்டைகள் இட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் அடங்கிய மட்டத்தைப் படியுங்கள். கீழே ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் கீழ்ப்புற மட்டம் உயர்ந்து, ஷட்டரைத் தொடாமலேயே நீர் குறையும். மறுபடியும் சொல்கிறேன்: இரு மட்டங்களையும் ஒரே நேரத்தில் குறிக்காத கடிதத்துக்குப் பதில் எதிர்பார்க்க வேண்டாம்.

குலசேகரம் வாசகர்: துளையின் அடி, கால்வாய்த் தரையோடு சமமாக உள்ளது. 0.61 பொருந்துமா?

பொருந்தாது. அடியில் நீர்த்தாரை சுருங்க வழியில்லாததால் குணகம் சற்று உயரும். துளை, விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு நீளமுள்ள குழாயாக இருந்தால் 0.8 வரை கொள்ளலாம்.

திருவட்டாறு வாசகர்: துளையில் பாதி மட்டுமே மூழ்கியிருந்தால்?

கீழ்ப்புற நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியைத் திறந்த துளையாகவும், கீழுள்ளதை மூழ்கிய துளையாகவும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுங்கள்.