கட்டு போடலாமா, சாவி கொடுக்கலாமா? முதலுதவி குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அரியலூர் வாசகர்): கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த என் அண்ணனின் கணுக்காலில் பாம்பு கடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்தக் கட்டைப் பார்த்த மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டார். விஷம் மேலே ஏறாமல் தடுப்பது எப்படித் தவறாகும்? கடித்தது எந்தப் பாம்பு என்று தெரியாதபோது எப்படி மருந்து கொடுக்கிறார்கள்?

பதில்: உங்கள் அண்ணனைக் காப்பாற்றியது கயிறு அன்று, காலம் தாழ்த்தாமல் அவரை மருத்துவமனையில் சேர்த்ததுதான். பாம்பின் நஞ்சு பெரும்பாலும் தோலுக்கு அடியில் ஓடும் நிணநீர் நாளங்களின் வழியாகவே உடலுக்குள் பரவுகிறது. தளர்வான கட்டு அதைத் தடுப்பதில்லை. தடுக்கும் அளவுக்கு இறுக்கினாலோ, காலுக்கு வர வேண்டிய இரத்தமும் சேர்ந்து நின்று போகிறது. நம் வயல்வெளிகளில் அடிக்கடி மிதிபடும் கண்ணாடி விரியனின் நஞ்சு தசையையே அழிக்கக்கூடியது என்பதால், அதை ஓரிடத்தில் தேக்கி வைப்பது காலையே இழக்கும் நிலைக்குக் கொண்டு போய்விடலாம். கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு மொத்தமாக உடலுக்குள் பாயும் என்பதால், சிரையில் ஊசி ஏற்றி, விஷமுறிவு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே மருத்துவர்கள் அதை அவிழ்ப்பார்கள். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் நீங்களாக அவிழ்க்க வேண்டாம் என்பதும் இதனால்தான்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது, அந்தக் கட்டு தருகிற பொய்யான தைரியம். 'கட்டுப் போட்டாயிற்று, விஷம் ஏறாது' என்ற நம்பிக்கையில் மந்திரிப்பவர் வீட்டுக்கும் பச்சிலை வைத்தியரிடமும் போய்விட்டு, அந்தி சாய்ந்த பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாம்பு கடித்தவர்களில் கணிசமானோருக்கு உடலில் நஞ்சு ஏறியிருப்பதே இல்லை. கடித்தது நஞ்சற்ற பாம்பாக இருக்கலாம், அல்லது நஞ்சுள்ள பாம்பே நஞ்சைச் செலுத்தாமல் கடித்திருக்கலாம். அப்படித் தாமாகவே பிழைத்தவர்களின் கணக்குத்தான் மந்திரத்தின் வெற்றியாக ஊரில் பேசப்படுகிறது.

செய்ய வேண்டியது எளியது. கடிபட்டவரைப் பாம்பிடமிருந்து விலக்கி, படுக்கவோ உட்காரவோ வைத்து, பதற்றத்தைத் தணியுங்கள். வீக்கம் ஏறுவதற்கு முன்பே மோதிரம், கொலுசு, மெட்டி, அரைஞாண் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிந்தால் செய்வதைப் போலவே, கடிபட்ட காலின் பக்கவாட்டில் ஒரு மட்டையையோ தடிமனாகச் சுருட்டிய செய்தித்தாளையோ வைத்து, இரத்த ஓட்டம் நிற்காதபடி துணியால் சுற்றி, அசையாமல் வையுங்கள். தசை அசைய அசைய நஞ்சு வேகமாகப் பரவும் என்பதால் அவரை நடக்க விடக் கூடாது. 108 வருவதற்குத் தாமதமாகும் என்றால் இரு சக்கர வண்டியில் ஓட்டுநருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் இடையில் அவரை உட்கார வைத்து அழைத்துச் செல்லலாம். கடிவாயைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது ஆகியவற்றால் தீங்கு மட்டுமே விளையும்.

பாம்பின் அடையாளம் தெரியாவிட்டாலும் கவலை வேண்டாம். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்தே செய்யப்படுகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் அதற்கான நஞ்சைப் பல ஆண்டுகளாக மருந்து நிறுவனங்களுக்கு வழங்கி வருகிறது. கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்த்தே கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சின் வேலையை மருத்துவர் கண்டுகொள்வார். ஆகவே பாம்பைத் தேடி அடித்து, பையில் போட்டுக் கொண்டு வர வேண்டிய தேவை இல்லை. வெட்டப்பட்ட பாம்பின் தலையும் சிறிது நேரம் வரை கடிக்கக்கூடியது. இன்னொன்று: குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு மருந்துதான் கொடுக்கப்படும். பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சை அளந்து விடுவதில்லை அல்லவா?

கேள்வி (மணப்பாறை வாசகி): பாம்பு கடித்த தடமே இல்லாமல், இரவில் தூங்கியவர் காலையில் வயிற்றுவலியோடு எழுந்து, மாலைக்குள் உயிர் பிரிந்ததாக எங்கள் ஊரில் ஒரு சம்பவம் சொல்கிறார்கள். அப்படி நடக்குமா?

பதில்: நடக்கும். அது கட்டுவிரியனாக இருக்க வாய்ப்பு மிகுதி. இரவில் இரை தேடி வீட்டுக்குள் நுழையும் இந்தப் பாம்பு, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடித்துவிடுகிறது. அதன் பற்கள் சிறியவை. வலியும் வீக்கமும் பெரும்பாலும் இராது என்பதால், கடிபட்டவர் எறும்பு கடித்ததாக நினைத்துப் புரண்டு படுத்துவிடுகிறார். சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, தொண்டைவலி ஆகியவை தோன்றும். பிறகு இமைகள் தாமாகவே கீழிறங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். நன்றாக இருந்த ஒருவர் விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியோடு எழுந்து, கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டால், கடித்த இடத்தைத் தேடிக்கொண்டிராமல் உடனே செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அசைவற்றுக் கிடப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் உணர்ந்துகொண்டும் இருக்கலாம். சரியான நேரத்தில் கருவியில் இணைக்கப்பட்டவர்கள் முழுமையாகத் தேறிவிடுகிறார்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொள்வதும் இந்தக் கடியைப் பெருமளவு தவிர்க்கும்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): பேருந்து நிலையத்தில் ஓர் இளைஞருக்கு வலிப்பு வந்தது. கூட்டத்தில் ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தவுடன் வலிப்பு நின்றதை நானே கண்ணால் பார்த்தேன். இரும்புக்கு அப்படி ஓர் ஆற்றல் உண்டா?

பதில்: நீங்கள் பார்த்தது உண்மை, அதற்கு நீங்கள் கருதும் காரணம்தான் உண்மையன்று. மூளை நரம்புகளில் கட்டுக்கடங்காமல் எழும் மின்துடிப்புகளே வலிப்பு. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில், யார் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், தாமாகவே அடங்கிவிடும். கூட்டம் கூடி, ஒருவர் 'இரும்பு, இரும்பு' என்று கூவி, இன்னொருவர் சாவியை எடுத்து நீட்டுவதற்கும் அவ்வளவு நேரம் ஆகிவிடுகிறது. பெயர் சாவிக்குப் போய்ச் சேர்கிறது.

சாவியைக் கையில் கொடுப்பதோடு நின்றால் பெரிய தீங்கில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் விரல்களைப் பலவந்தமாகப் பிரிப்பதும், நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பற்களுக்கிடையே கரண்டியைச் செருகுவதும், கைகால்களை நான்கு பேர் அழுத்திப் பிடிப்பதும் சேர்ந்தே நடக்கின்றன. பல் உடைந்து மூச்சுக்குழாயில் விழுந்தாலோ தோள்மூட்டு விலகினாலோ, அது வலிப்பால் வந்த காயம் அன்று. நாக்கில் பட்ட கடி சில நாட்களில் ஆறிவிடும். வாயில் எதையும் வைக்காதீர்கள். சுற்றியிருக்கும் கல், நாற்காலி போன்றவற்றை அகற்றி, தலைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும். முழு நினைவு திரும்பும் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. முகத்தில் தெளிப்பதாலும் பயனில்லை.

சாவியைத் தேடும் கை, கடிகாரத்தைப் பார்க்கப் பழகினால் நல்லது. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்பாமலேயே அடுத்தது வந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். வாழ்க்கையில் முதன்முறையாக வந்த வலிப்பு, கர்ப்பிணிக்கு வந்த வலிப்பு, தண்ணீருக்குள் வந்த வலிப்பு, சர்க்கரை நோயாளிக்கு வந்த வலிப்பு ஆகியவை நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டியவை.

கேள்வி (சேலம் வாசகி): கொதிக்கும் சாம்பார் கையில் கொட்டினால் பற்பசை தடவலாமா, தோசைமாவு தடவலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். வளையல், மோதிரத்தை முதல் வேலையாகக் கழற்றிவிடுங்கள். அடுப்பை விட்டு விலகிய பிறகும் சூடு தோலின் அடுக்குகளுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை வெளியே எடுப்பது தண்ணீர் ஒன்றுதான். பற்பசையும் மாவும் நெய்யும் சூட்டை உள்ளே அடைத்து வைப்பதோடு, புண்ணின் ஆழத்தைப் பார்ப்பதற்காக மருத்துவமனையில் அவற்றைச் சுரண்டி எடுக்கும் வேதனையையும் கூடுதலாகத் தருகின்றன. ஐஸ்கட்டி இரத்த ஓட்டத்தைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். கொப்புளத்தை உடைக்காமல், வெந்த தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சலவை செய்த மெல்லிய துணியால் மூடிக்கொண்டு கிளம்புங்கள். காயம்பட்டவரின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து அளந்தால் அது அவர் உடற்பரப்பில் ஏறக்குறைய 1 விழுக்காடு. குழந்தைக்கு அந்த அளவு வெந்திருந்தாலே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. முகம், கை, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் அளவே பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): நெஞ்சு அடைப்பது போல இருந்தால் அது வாயுவா, மாரடைப்பா என்று வீட்டிலேயே கண்டறிய வழி உண்டா? தனியாக இருக்கும்போது வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

பதில்: வழி இல்லை. ஈசிஜி எடுக்காமல் அனுபவமுள்ள மருத்துவரே உறுதியாகச் சொல்ல முடியாததை, சோடாவும் ஓமத்திரவமும் சொல்லிவிடும் என்று நம்புவதில்தான் பொன்னான முதல் மணி நேரம் போய்விடுகிறது. ஏப்பம் வந்து சற்றே இதமானால் அது வாயுதான் என்பதும் தவறு. மார்பின் நடுவில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், அது தாடைக்கோ முதுகுக்கோ இடது கைக்கோ பரவுவது, காரணமில்லாமல் உடல் வியர்த்துக் கொட்டுவது ஆகியவை பலரும் அறிந்த அறிகுறிகள். பெண்களுக்கும் முதியவர்களுக்கும், குறிப்பாக நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல், மூச்சிரைப்பாகவோ மேல்வயிற்று எரிச்சலாகவோ இனம்புரியாத களைப்பாகவோ மட்டும் மாரடைப்பு வெளிப்படலாம். வாயு என்று நினைத்து ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று வீடு திரும்பினால் சில நூறு ரூபாய்தான் நட்டம்.

இருமல் செய்தியை அழித்துவிடுங்கள். இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும் வேளையில், கண்காணிப்புக் கருவிகளுக்கு நடுவே படுத்திருக்கும் நோயாளியை மருத்துவர் சில நொடிகள் இருமச் சொல்வது உண்டு. வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது பொருந்தாது. 108-ஐ அழைத்து, கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, சாய்ந்து உட்காருங்கள். படி இறங்கவோ வண்டி ஓட்டவோ வேண்டாம். ஒவ்வாமையும் குடற்புண் இரத்தக்கசிவும் இல்லாதவர் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போடாதீர்கள். இரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது ஆளையே சாய்த்துவிடும். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கப்படுகின்றன. பெரிய மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்க்காரர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அருகில் இருப்பவர் திடீரெனச் சரிந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், சீராக மூச்சு விடாமல் கிடந்தால் இதயம் நின்றிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்போது நிமிடத்துக்குச் சில முறை வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து 'மூச்சு இருக்கிறது' என்று காத்திருப்பவர்கள் பலர். அது மூச்சன்று. கைப்பேசியில் 108-ஐ ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, மார்பின் நடு எலும்பின் மீது ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, மறு கையை அதன்மேல் கோத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதம், 5 சென்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் மார்பு மேலெழும்ப விடுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தெரியாதவர் அழுத்தினாலே போதும். விலா எலும்பு முறிந்தால் முறியட்டும்.

கேள்வி (காரைக்குடி வாசகி): மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து வைக்க வேண்டுமா?

பதில்: குனிய வேண்டும். அண்ணாந்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை இரு விரல்களால் இறுகப் பிடித்து, வாயால் மூச்சுவிட்டபடி, நடுவில் திறந்து பார்க்காமல் 10 முதல் 15 நிமிடம் இருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவமனை.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவினால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டும் என்று என் தந்தை தடுக்கிறார். அவர் அஞ்சுவது சரியா?

பதில்: ஒரு காலத்தில் சரியாக இருந்தது. உதவ முன்வருவோரைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதிப்படுத்தியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு, பயன் கருதாமல் உதவியவர் மீது அந்த உதவிக்காக வழக்குத் தொடர முடியாது. பெயரையும் முகவரியையும் சொல்லுமாறு உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. நீங்களே விரும்பினால் மட்டும் சாட்சி சொல்லலாம். செலவைப் பற்றிய அச்சமும் வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, வரையறுத்த தொகைக்குள், அரசின் செலவில் பெறலாம்.

ஆனால் ஆர்வத்தில் அடிபட்டவரைத் தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடித்துப் போடாதீர்கள். தீப்பற்றும் ஆபத்தோ, வண்டிகள் மோதும் ஆபத்தோ இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை தலையையும் கழுத்தையும் இரு கைகளாலும் நேராகப் பிடித்துக்கொண்டிருப்பதே பேருதவி. இரத்தம் கொட்டும் இடத்தில் துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே இருங்கள். நனைந்தால் அதன்மேலேயே இன்னொரு துணி. கையோ காலோ சிதைந்து, அழுத்தியும் நிற்காமல் இரத்தம் பீறிட்டால் மட்டும், பாம்புக்கடிக்குக் கூடாது என்று மேலே சொன்ன அந்த இறுக்கமான கட்டை இங்கே காயத்துக்கு மேலே அகலத் துணியால் போட்டு, போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குடிக்க எதையும் கொடுக்க வேண்டாம். நினைவு தடுமாறுபவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகும், அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும். அவரை எப்படிக் கண்டீர்கள், நினைவோடு பேசினாரா, கட்டுப் போட்டது எப்போது என்பவற்றை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொன்ன பிறகு நீங்கள் உங்கள் வழியே போகலாம்.