முகாமுக்கு வராத வீரரை டிராஃப்டில் எடுக்கலாமா?

கேள்வி: அடுத்த வாரம் எங்கள் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஃபேன்டசி லீக் டிராஃப்ட். நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆட்டத்தை வைத்து நாங்கள் புள்ளி எடுக்கும் விளையாட்டு. நான் கண்வைத்திருக்கும் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடும் வீரர்) சம்பளத் தகராறில் பயிற்சி முகாமுக்கே வரவில்லை. ஒப்பந்தத்தில் இது கடைசி ஆண்டு. சீசன் முழுக்க வீட்டில் உட்கார்ந்துவிட்டு, மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்டாக, அதாவது எந்த அணியிலும் சேரலாம் என்ற நிலையில், கிளம்பிவிடுவாரோ?

பதில்: அப்படிக் கிளம்ப முடியாது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கும்போது சீசன் முழுக்க ஆடாமலிருந்தால் அந்த ஆண்டு கணக்கில் கழியாது. அடுத்த வருடமும் அதே அணிக்கு, அதே பழைய சம்பளத்துக்குத்தான் அவர் ஆடியாக வேண்டும்.

"ரன்னிங் பேக் லெவியான் பெல் ஒரு சீசன் முழுக்க உட்காரவில்லையா?" என்று கேட்பீர்கள். அவர் விஷயம் வேறு. 2018-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவர்மேல் ஃப்ராஞ்சைஸ் டேக் போட்டது. அதாவது, ஓராண்டுக்கு நிர்ணயித்த சம்பளத்தைக் கொடுத்து வீரரைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் உரிமை. பெல்லுக்கு அது சுமார் 1 கோடியே 45 லட்சம் டாலர். அவர் அதில் கையெழுத்தே போடவில்லை. கையெழுத்து இல்லையென்றால் ஒப்பந்தம் இல்லை, முகாமுக்கு வராததற்கு அபராதமும் இல்லை. கையெழுத்திட வைத்த நவம்பர் 13 கெடு தாண்டியதும் அவருக்கு அந்த சீசன் முடிந்தது. மறு மார்ச்சில் 4 ஆண்டு, 5 கோடியே 25 லட்சம் டாலருக்கு நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். ஃபேன்டசி டிராஃப்டில் அவரை முதல் சுற்றில் எடுத்தவர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். பதிலுக்கு இறங்கிய ஜேம்ஸ் கானரோ ஓடியே 12 டச்டவுன் அடித்தார்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது: உங்கள் ஆள் டேக்கில் கையெழுத்திடாதவரா, ஒப்பந்தத்தில் இருப்பவரா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவது ரகம். அப்படியானால் அது ரூக்கி ஒப்பந்தமா (லீக்கில் நுழையும்போது போடும் முதல் ஒப்பந்தமா) என்று பாருங்கள். 2020-ல் லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட உடன்பாட்டின்படி ரூக்கி ஒப்பந்தக்காரருக்கு முகாமில் ஒரு நாள் விடுப்புக்கு 40,000 டாலர் அபராதம். அணி மனது வைத்தால் தள்ளுபடி செய்யலாம். மற்றவர்களுக்கு 50,000. அதை அணியே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. இதனால்தான் இப்போது பலர் முகாமுக்கு வந்து, பயிற்சி மட்டும் செய்யாமல் ஓரமாக நிற்கிறார்கள். 2025-ல் தற்காப்பு வீரர் மைக்கா பார்சன்ஸ் டல்லஸ் அணியில் செய்தது அதுதான். ஆகஸ்ட் முடிவதற்குள் கிரீன் பேவுக்கு மாற்றப்பட்டு 18 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தமும் வாங்கிவிட்டார்.

எந்தத் தடையுமற்ற ஃப்ரீ ஏஜென்சிக்கு 4 சீசன் கணக்கில் ஏற வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவர் முகாமில் சேர வேண்டிய நாளில் சேராவிட்டால் அந்த சீசன் ஏறாமல் போகலாம். ஏற்கெனவே 4 முடித்தவருக்கு இந்தப் பயம் கிடையாது.

உண்மையில் வலிப்பது சீசன் தொடங்கும் செப்டம்பரில்தான். சம்பளத்தை 18 வாரப் பங்காகக் கணக்கிடுவார்கள். ஒரு ஆட்டம் வராவிட்டால் ஒரு பங்கு போச்சு. 2023-ல் தற்காப்பு வீரர் கிறிஸ் ஜோன்ஸ் முதல் ஆட்டத்துக்கு வரவில்லை, அவருடைய அணி கான்சஸ் சிட்டி டெட்ராய்ட்டிடம் 21-20 என்று தோற்றது, அடுத்த திங்களே புது ஒப்பந்தம் முடிந்தது. உங்கள் ஆளும் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தாங்குவார் என்று எனக்குத் தோன்றவில்லை. முதல் சுற்றில் வேண்டாம். மூன்றாவது சுற்றுவரை மிஞ்சினால் எடுங்கள், கடைசிச் சுற்றில் அவருடைய மாற்று வீரரையும் சேர்த்து.