பீன்ஸ் டின்னில் மிச்சம் பிடிக்க 90 பவுண்டுக்கு குக்கரா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். ஏழு வயது மகன் காலையில் டோஸ்ட்டும் பேக்டு பீன்ஸும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. அதுவும் ஹெய்ன்ஸ் பிராண்டுதான் வேண்டும். வாரம் நாலு டின், ஒன்று 1.40 பவுண்டு. வீட்டிலேயே செய்தால் மிச்சமாகுமா? வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர் சும்மா கிடக்கிறது. எலெக்ட்ரிக் பிரஷர் குக்கர் 90 பவுண்டுக்கு ஆஃபரில் வந்திருக்கிறது, கிரெடிட் கார்டில் வாங்கலாம் என்று யோசனை (கார்டில் ஏற்கெனவே 600 பவுண்டு நிற்கிறது, வட்டி வருஷத்துக்கு 24.9 சதவீதம், மாதம் 15 கட்டுகிறேன்). மிச்சமாகிற பணத்தை ஐசாவில் (வட்டிக்கு வரியில்லாத சேமிப்புக் கணக்கு) போடலாமா?

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டு ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அதற்குக் கடைசியில் வருகிறேன். நீங்கள் கேட்டது பீன்ஸ், முதலில் அது.

415 கிராம் டின்னில் பாதிதான் பீன்ஸ், லேபிளிலேயே 51 சதவீதம் என்று போட்டிருக்கும். மீதி தக்காளி, தண்ணீர், சர்க்கரை, வினிகர், சோளமாவு, உப்பு, கொஞ்சம் மசாலா வாசனை. ஆக ஒரு டின்னில் வெந்த பீன்ஸ் சுமார் 210 கிராம். அரை கிலோ காய்ந்த ஹாரிகாட் பீன்ஸ் (டின்னில் இருக்கும் அதே சின்ன வெள்ளை பீன்ஸ்) ஊறி வெந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஐந்து டின் கணக்கு.

நான் கடையில் பார்த்த விலைப்படி அரை கிலோ ஹாரிகாட் 1.80. தக்காளி பசாட்டா, அதாவது வடிகட்டிய தக்காளி விழுது, 500 கிராம் 70 பென்ஸ், ஒன்றரைப் பெட்டி வேண்டும் என்பதால் 1.05. சர்க்கரை, வினிகர் வகையறா 20 பென்ஸ். மின்சாரம் யூனிட் 26 பென்ஸ் என்று வைத்தால் இண்டக்‌ஷனில் இன்னொரு 20. மொத்தம் 3.25 பவுண்டு, டின்னுக்கு 65 பென்ஸ்.

1.40 எங்கே, 65 பென்ஸ் எங்கே என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் அதே அலமாரியில், குனிந்து பார்க்க வேண்டிய கீழ்த்தட்டில், சூப்பர்மார்க்கெட்டின் சொந்த பிராண்டு டின் 45 பென்ஸுக்கு இருக்கிறது. நீங்கள் ஒப்பிட வேண்டியது அதோடுதான். வருஷத்துக்கு 208 டின். ஹெய்ன்ஸ் என்றால் 291 பவுண்டு, வீட்டில் செய்தால் 135, கடை பிராண்டு 94. அடுப்பு பற்ற வைக்காமல், கையை நீட்டும் தட்டை மட்டும் மாற்றினாலே 197 பவுண்டு மிச்சம். ராத்திரி ஊறவைத்து, காலையில் வேகவைத்து, பாத்திரம் கழுவி முடித்தால் மிச்சம் 156. முதல் வருஷம் அதில் குக்கருக்கு 90 போய்விட்டால் கையில் நிற்பது 66.

வீட்டுச் சமையல் தோற்பதா என்று கோபம் வரும், எனக்கும் வந்தது. இந்த ஒரு பண்டத்தில் தொழிற்சாலையோடு மல்லுக்கட்ட முடியாது. ஆரம்பத்தில் லண்டன் பிக்கடிலியில் இருக்கும் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் ஹெய்ன்ஸ் பீன்ஸ் பணக்காரர் வீட்டு இறக்குமதிச் சரக்கு. 1928ல் உங்களுக்குப் பக்கத்திலேயே, ஹார்ல்ஸ்டனில் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1959ல் வட இங்கிலாந்தில் விகன் பக்கம் கிட் கிரீனில் பெரிய ஆலையே வந்தது. வட அமெரிக்காவிலிருந்து பீன்ஸ் கப்பல் கப்பலாக வருகிறது. லேசாக வெந்நீர் காட்டி, சாஸோடு டின்னில் அடைத்து மூடி, டின்னுக்குள்ளேயே வேகவைத்து விடுகிறார்கள். பெயர்தான் பேக்டு, ஓவன் பக்கமே போவதில்லை. நீங்களும் போகாதீர்கள், ஒரு மணி நேரம் ஓவனைப் போட்டால் இன்னொரு 25 பென்ஸ் ஏறும்.

இவ்வளவுக்குப் பிறகும் செய்து பார்க்க ஆசை என்றால் செய்யுங்கள். உப்பும் சர்க்கரையும் உங்கள் கையில் இருக்கும், ஏழு வயதுக்காரனுக்கு அது முக்கியம்தான். அதற்கு 90 பவுண்டு வேண்டாம். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது, வாஸ்தவம். அடிகனமான ஸ்டீல் பாத்திரமும் ஒரு மூடியும் போதும். ‘ஸ்லோ குக்கர் மலிவாயிற்றே’ என்று அதை வாங்கிவிடாதீர்கள். வேகாத பீன்ஸில் உள்ள நச்சுப்பொருள் அந்த மிதமான சூட்டில் அழியாது. சிவப்பு ராஜ்மாவில்தான் அது அதிகம், ஹாரிகாட்டில் குறைவு, இருந்தாலும் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவைப்பதை விடக்கூடாது.

ஒரு முறை நான் அவசரத்தில் தக்காளியையும் பீன்ஸையும் ஒன்றாகப் போட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தேன். கோலிக்குண்டு மாதிரி தட்டில் உருண்டது. புளிப்பு சேர்ந்தால் பீன்ஸ் வேகாது. போதாக்குறைக்கு லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர், கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் தோலையும் இறுக்கும். வேகவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா போட்டால் வழிக்கு வரும்.

அதனால் ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினால் மாவாக வேண்டும், தோல் மட்டும் பிரியக் கூடாது. வடித்துவிட்டு பசாட்டா முக்கால் கிலோ, ஒன்றரைத் தம்ளர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒன்றரை வினிகர், உப்பு, வெங்காயப் பொடி, பாப்ரிகா, கிராம்புத் தூள் ஒரு துளி. கிராம்பை மட்டும் தாராளமாகப் போடாதீர்கள், பிரியாணி வாசம் வந்தால் பையன் தட்டைத் தள்ளிவிடுவான். இருபது நிமிஷம் கொதித்ததும் ஒரு கரண்டி சோளமாவைக் கரைத்து ஊற்றினால் டின்னிலிருந்து கவிழ்த்த மாதிரியே ஸ்பூனில் ஒட்டும். மொச்சையிலோ தட்டப்பயறிலோ இந்த ருசி வராது. நம்மவர் கடைகளில் இரண்டு கிலோ ஹாரிகாட் மூட்டை 4 பவுண்டுக்குக் கிடைத்தால் டின் கணக்கு 49 பென்ஸுக்கு இறங்கும். டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், மூன்று மாதம் தாங்கும். பாட்டிலில் அடைத்து மூடி அலமாரியில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், தொழிற்சாலைச் சூடு இல்லாமல் அடைத்த பீன்ஸ் உயிருக்கே ஆபத்து.

இப்போது அந்த அடைப்புக்குறி. 600 பவுண்டுக்கு 24.9 சதவீதம் என்றால் மாதம் சுமார் 11 பவுண்டு வட்டி. நீங்கள் கட்டும் 15ல் அசலுக்குப் போவது நாலே பவுண்டு. வட்டி மட்டும் வருஷத்துக்குச் சுமார் 130 பவுண்டு. அதாவது வருஷம் முழுக்க பீன்ஸ் ஊறவைத்துப் பிடிக்கும் மிச்சத்தில் பெரும்பகுதியைக் கார்டு தின்றுவிடும். அந்தக் கார்டிலேயே குக்கரையும் வாங்கினால் 600 என்பது 690.

ஐசாவைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கடை பிராண்டுக்கு மாறி மிச்சமாகும் 197ஐ மாதம் பதினாறரை பவுண்டு வீதம் 4 சதவீதத்தில் போட்டால் முதல் வருஷ வட்டி 4 பவுண்டு தேறும். அடிப்படை வரி கட்டுகிறவர்களுக்குச் சேமிப்பு வட்டியில் வருஷம் 1,000 பவுண்டு வரை எப்படியும் வரி கிடையாது, ஆகவே ஐசா தரும் வரிச்சலுகையால் இந்தத் தொகைக்கு உடனடி லாபமும் இல்லை. அதே பதினாறரையை 15ஓடு சேர்த்து மாதம் 31.50 ஆகக் கார்டில் கட்டினால் இரண்டு வருஷத்தில் கடன் தீரும். பழைய கார்டுக் கடனை மாற்றிக்கொள்ளும் வட்டியில்லா பேலன்ஸ் டிரான்ஸ்பர் கார்டு கிடைத்து, அதற்கு 3 சதவீதம், அதாவது 18 பவுண்டு கட்டணம் என்றால் 20 மாதத்தில் முடிந்துவிடும். வட்டியில்லாத காலம் அதுவரை நீள்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன்னால் தகுதி இருக்கிறதா என்று இணையத்திலேயே சோதிக்கலாம். அந்தச் சோதனை கிரெடிட் ஸ்கோரைத் தொடாது, விண்ணப்பம்தான் தொடும்.

பையன் கடை பிராண்டை ஏற்றுக்கொள்வானா என்பதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. என் வீட்டில் பாதி ஹெய்ன்ஸ், பாதி கடை பிராண்டு என்று கலந்து, வாரம் ஒரு கரண்டி வீதம் விகிதத்தை மாற்றினோம். ஐந்தாவது வாரம் முழுக்க 45 பென்ஸ் சரக்கு. டின்னை மட்டும் அவன் கண்ணில் படாமல் ரீசைக்ளிங் டப்பாவில் போட்டுவிடுங்கள்.