சித்தியின் இரண்டு குடம்

கேள்வி: உடுமலைப் பக்கம் நாலு ஏக்கர் தென்னை. 700 அடி போர்வெல்லில் அரை மணி நேரத்திலேயே தண்ணீர் நின்றுவிடுகிறது. கடன் வாங்கி 1,200 அடி போடலாமா? நான் போடாவிட்டால் பக்கத்துத் தோட்டக்காரர் போட்டுவிடுவார். வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தியின் கிணறு நாங்கள் போர் போட்ட வருடமே வற்றியது. 68 வயதில் தினமும் எங்கள் தொட்டியில் இரண்டு குடம் எடுத்துப் போகிறார்; நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை.

பதில்: "ஒன்றும் சொல்வதில்லை" என்கிறீர்களே, சொல்ல உங்களுக்கு என்ன இருக்கிறது? அது சித்தி கிணற்றுத் தண்ணீர்.

இரவு மோட்டாரை நிறுத்தி, போர் வாயில் காது வைத்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். போருக்குள் இறக்கும் கேசிங் குழாய் மேல்மண் வரைக்கும்தான். அதற்குக் கீழே, கிணறுகளில் ஊற வேண்டிய நீர் பாறை வெடிப்பு வழியே உங்கள் குழியில் இறங்குகிறது. ஆழம் போகப்போக வெடிப்பு குறையும். தண்ணீர் வராமல் பாறைப் புகை மட்டுமே வந்த போர்கள் எத்தனை என்று போர் போடும் ரிக் வண்டிக்காரரிடமே கேளுங்கள்.

வரவு அன்று மாலையே உங்கள் வாய்க்காலில் ஓடுகிறது. இழப்பு மாதங்கள் கழித்து வேறொருவர் கிணற்றில் தெரிகிறது. மின்சாரமும் இலவசம். நல்லவர்களும் இதில் சறுக்குவது அதனால்தான். ஆனால் அந்த வேறொருவர் யாரென்று உங்களுக்குத் தெரியுமே! பக்கத்துத் தோட்டக்காரரைச் சாக்குச் சொல்லாதீர்கள். வீட்டுப் பெரியவளின் கிணற்றைக் காக்காத குடும்பத்துக்குத் தோப்பு எதற்கு?

கடன் வேண்டாம். காய்க்கும் மரத்துக்குக் கோடையில் நாளைக்கு 65 லிட்டர் போதும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் சுமார் 4,500 லிட்டர். போரை ஊறவிட்டு ஊறவிட்டு ஓட்டித் தொட்டியில் சேர்த்து, சொட்டுநீரில் விடுங்கள். மரத்துக்கு, மணிக்கு எட்டு லிட்டர் சொட்டும் டிரிப்பர் நான்கு, இரண்டு மணி நேரம். தண்ணீர் நின்ற பிறகும் மோட்டார் ஓடினால் அதன் கம்பிச் சுருள் எரியும், டைமர் வையுங்கள். தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கினால் சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டு. மரத்தைச் சுற்றி ஆறடிக்கு 100 உரிமட்டை, முதுகு மேலே தெரியும்படி பரப்புங்கள்.

தோட்டத்து மழைநீரைச் சித்தி கிணற்றுக்கே திருப்புங்கள். கிணற்றுக்குப் பத்தடி முன்னால், நீரை வடிகட்ட ஆறடிச் சதுரக் குழி: அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். முதல் மழையை உள்ளே விடாதீர்கள், வண்டலும் உரமும் சேர்ந்து வரும். போருக்குள் நேராக விட்டால் சேறு வெடிப்பை அடைத்துவிடும். மேல் மணலை வருடா வருடம் மாற்றுங்கள்.

கிணறு ஊறும்வரை உங்கள் தொட்டியிலிருந்து சித்தி வாசலுக்கு ஒரு பைப் போடுங்கள். எத்தனை அடி வேண்டுமென்று இன்றைக்கே அளந்துவிடுங்கள்.